ஒற்றைப் பந்தோடு ஒரு பருவம்: யாழ்ப்பாணம், 1995

2022 இல் நாட்டில் பெற்றோல் இல்லாமல் போய், பள்ளிக்கூடங்கள் மூடுவதும் திறப்பதுமாக இருந்த மாதங்களில், யாழ்ப்பாணத்தில் பதினைந்து வயதுக்குட்பட்ட உதைபந்தாட்ட அணி ஒன்றைப் பழக்குகிற தம்பி ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: “அண்ணை, வான் பிடிக்க வழியில்லை. பந்து விலையும் எட்டாத உயரத்துக்குப் போட்டுது. இந்த வருசம் அணியைக் கலைச்சுப்போட்டு, நிலைமை சரிவந்தாப் பிறகு பாப்பமோ?”

கலைக்க வேண்டாம் என்றேன். எப்படி நடத்துவது என்று அவர் கேட்டபோது 1995 ஆம் ஆண்டுக் கதையைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. கதை நீண்டுவிட்டது. “இதை எழுதி அனுப்புங்கோ” என்றார். அவருக்கு எழுதியதைக் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். “குண்டு மழைக்குள்ளேயும் பந்தடிச்சம்” என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். குண்டு விழுந்தபோது நாங்கள் பந்தடிக்கவில்லை, ஓடினோம். விழாத நேரத்தில் விளையாடினோம். அந்த நேரத்தை எப்படிக் கண்டுபிடித்தோம், அதற்குள் எதை எப்படிச் செய்தோம் என்பதில்தான் இன்றைக்கும் உதவக்கூடிய விஷயம் இருக்கிறது.

நிலைமை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. எங்கள் ஊரில் கல்லூரி என்றால் ஆறாம் வகுப்பிலிருந்து ஏ.எல். (உயர்தர வகுப்பு) வரை படிக்கிற பள்ளிக்கூடம். 1990 யூனில் போர் மறுபடி தொடங்கியதும் யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றது, கரண்ட் நின்றது. பலாலி இராணுவத் தளத்தைச் சுற்றிய ஊர்கள் காலியாகின. உதைபந்துக்குப் பெயர்போன தெல்லிப்பழை மகாஜனா, இளவாலை புனித ஹென்றியரசர் போன்ற கல்லூரிகளே சொந்த மைதானத்தை விட்டு இடம்பெயர வேண்டி வந்தது. குடாநாடு புலிகளின் கட்டுப்பாட்டில், அதைச் சுற்றி அரசின் பொருளாதாரத் தடை. பெற்றோல், பற்றரி, சீமெந்து, யூரியா, மெழுகுவர்த்தி, சவர்க்காரம் என்று தடைப்பட்டியல் நீளும். மண்ணெண்ணெய் யானை விலை. மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் புகை கக்க ஓட்டினார்கள். 1994 இல் ஆட்சி மாறிய பிறகு பட்டியல் கொஞ்சம் குறைந்தது. 1995 ஜனவரி 8 அன்று போர்நிறுத்தம் வந்தது. அதை நம்பித்தான் எங்கள் பொறுப்பாசிரியர், நாங்கள் சேர் என்போம், அந்த வருட அணியைக் கூட்டினார். நான் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன், அணியில் றைற் ஹாவ், அதாவது நடுவரிசையின் வலப்பக்க ஆட்டக்காரன்.

பந்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லாமே அதில்தான் தொங்கியது. கல்லூரியில் பந்து என்று சொல்லத்தக்கது ஒன்றுதான் இருந்தது. கையால் தைத்த தோல் பந்து, மேல்தோல் உரிந்து சாம்பல் நிறமாகியிருந்தது. எங்கள் பக்கத்துச் செம்மண் கோடையில் கல்லாய் இறுகிவிடும். அந்தத் தரையில் பந்து தேய்கிற வேகமே வேறு. தோல் தேய்வது பிரச்சினை இல்லை. தையல் நூல் முதலில் அறும். ஒரு நூல் விட்டால் அந்த இடத்தில் பிளாடர் பிதுங்கும், பிதுங்கிய இடத்தில் ஒரு சின்னக் கல் போதும்.

வெடித்தால் திருத்துகிற வேலையை எங்கள் புல்பக் (பின்வரிசைத் தடுப்பாட்டக்காரன்) செய்வான். அவனுடைய மாமா சந்தையடியில் சைக்கிள் திருத்துகிறவர், கைப்பழக்கம் அங்கிருந்து வந்தது. காற்றடிக்கிற துளைக்கு எதிர்ப்பக்கத்தில் தையலைப் பிரிப்பான். துளைப் பக்கம் பிரித்தால் பிறகு இறுக்கம் வராது என்பான். பிளாடரை வெளியே எடுத்துக் கொஞ்சம் காற்றடித்துக் கிணற்றடி வாளிக்குள் அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைப் பிடிப்பான். பழைய சைக்கிள் ரியூப்பில் நகத்தளவு துண்டு வெட்டி, இரண்டு பக்கத்தையும் அரத்தால் உரசி, சொலூசன் பூசி, ஊதி ஊதிக் காயவிட்டு ஒட்டுவான். அதற்குப் பிறகுதான் முக்கியமான வேலை. ஒட்டிய உடனே பந்துக்குள் வைக்க விடமாட்டான். ஒரு இரவு முழுக்க அம்மிக்குக் கீழே வைப்பான். மறுநாள் உள்ளே வைத்து, செருப்புத் தைக்கிற ஊசியால், மெழுகில் இழுத்த நூலால் தைப்பான். மெழுகு பக்கத்துத் தேவாலயத்தில் எரிந்து மிஞ்சிய கட்டைகளில் சுரண்டியது. மெழுகுவர்த்தியே தடைப்பட்ட ஊரில் அது எவ்வளவு கிடைத்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சமிருந்தால் தையல் வரிகளின் மேலும் தேய்ப்பான்.

காற்றடிக்கிற ஊசி தொலைந்தபோது, ஆஸ்பத்திரியில் வேலை செய்த ஒரு பிள்ளையின் தகப்பன் தடித்த ஊசி ஒன்று தந்தார். அதன் முனையை மழுங்கத் தேய்த்துச் சைக்கிள் பம்பில் பொருத்தினோம். இன்றைக்கும் பிள்ளைகளுக்கு நான் ஓயாமல் சொல்வது இதுதான்: ஊசியை ஈரமாக்காமல் பந்துக்குள் குத்தாதே. பாதிப் பந்துகள் மைதானத்தில் சாவதில்லை, காற்றடிக்கிற இடத்தில் சாகின்றன. வெயிலில் போட்டு வைக்காதே, ஆட்டம் முடிந்ததும் கொஞ்சம் காற்றை இறக்கு, அதன் மேல் குந்தாதே. இந்த நான்கையும் கவனித்தாலே ஒரு பந்து இரண்டு பந்தின் காலம் வரும்.

அந்த ஒரு பந்தை எல்லா நாளும் பயிற்சிக்கு எடுத்தால் போட்டிக்கு மிஞ்சாது. சேர் ஒரு வழி செய்தார். செத்துப்போன பழைய பந்தின் கோதுக்குள் கிழிந்த சீலைத் துணியை அடைத்துத் தைக்கச் சொன்னார். துணிப்பந்து எழும்பாது, துள்ளாது, தூர அடித்தால் கால்தான் நோகும். ஆனால் வாரத்தில் பெரும்பகுதி அதோடுதான் பயிற்சி. இரண்டு மாதத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. பந்தைத் தரையோடு தரையாகக் கொடுத்து வாங்குவதில் எங்களை அடிக்க ஆளில்லை என்ற நிலை வந்தது. அதுவரை எங்கள் கல்லூரி ஆட்டம் என்றால் புல்பக் உயரத் தூக்கி அடிப்பான், போர்வேட் ஓடுவான், அவ்வளவுதான். துணிப்பந்து அந்த வழியை அடைத்துவிட்டது. மறுபக்கமும் இருக்கிறது: தலையால் முட்டப் பழகவே முடியவில்லை. அந்தப் பருவத்தில் நாங்கள் வாங்கிய கோல்கள் பெரும்பாலும் கோர்னரில் வந்தவை. வசதி குறைந்த அணிக்கு நான் சொல்வது, இருக்கிற பொருள் எதைப் பழக்கும், எதைப் பழக்காது என்று பயிற்றுநர் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பழக்காத பகுதிக்கு என்று நல்ல பந்தில் அரை மணித்தியாலமாவது ஒதுக்க வேண்டும். சேர் அதைப் பிறகு செய்தார், வெள்ளிக்கிழமைகளில் நல்ல பந்து தலைக்கு மட்டும்.

பூட்ஸ் மூன்று பேரிடம் இருந்தது, வெளிநாட்டில் மாமன் சித்தப்பன் உள்ளவர்கள். சேர் அதை அனுமதிக்கவில்லை. எல்லோரும் வெறுங்கால், அல்லது எல்லோரும் பூட்ஸ். வெறுங்காலை மிதிக்கிற பூட்ஸ் எதிரணியிடம் இருந்தால் சமாளிக்கலாம், சொந்த அணியிடம் இருந்தால் பயிற்சியே நடக்காது என்பார். அந்த மூவரும் முறுகினார்கள், பிறகு பழகிவிட்டார்கள். காலில் வெட்டுக் காயம் வந்தால் உப்புத் தண்ணீரில் கழுவி, வெந்நீரில் அவித்த துணியால் கட்டுவோம். துருப்பிடித்த தகரம் ஏறினால் மட்டும் ஏற்பு நோய்த் தடுப்பூசிக்கு ஆஸ்பத்திரி. சுளுக்குக்குப் பரியாரியார் (நாட்டு வைத்தியர்) மருந்துப் பத்துப் போடுவார், அந்தப் பத்து இருக்கும்வரை மைதானத்தில் கால் வைக்கக் கூடாது. இந்த ஒரு விதியில் சேர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மாற்று ஆள் இல்லாத அணியில் நொண்டுகிறவனை இறக்கினால் அந்த ஆட்டத்தோடு அவனை இழந்துவிடுவோம்.

ஏப்ரல் 19 அன்று திருகோணமலையில் கடற்படைப் படகுகள் தகர்க்கப்பட்டதோடு போர்நிறுத்தம் முடிந்தது. தமிழ்ப் புத்தாண்டு முடிந்து அந்த வாரம் பயிற்சிக்குப் போனபோது சேர் பந்தை எடுக்கவில்லை, மண்வெட்டிதான் எடுத்தார். போர்நிறுத்தத்தில் பதுங்குகுழியைக் கவனிக்காமல் விட்டிருந்தோம். குப்பை நிறைந்து, பனங்குற்றிகளைக் கறையான் அரித்திருந்தது. மைதானத்தின் இரண்டு கோல் கம்பங்களுக்கும் பின்னால் ஒவ்வொன்று வெட்டினோம், ‘ட’ வடிவில், மேலே பனங்குற்றி, அதன் மேல் மண்மூட்டை. ஏன் இரண்டு என்றால், மைதானத்தின் எந்த மூலையில் நின்றாலும் ஓடுகிற தூரம் பாதியாக வேண்டும். வாரம் ஒருமுறை துப்புரவு செய்ய முறை வைத்தோம். மட்டத்தேள் கடித்தவனுக்குத்தான் அந்த முறையின் அருமை தெரியும்.

இன்னும் சில ஏற்பாடுகள். விமானச் சத்தம் கேட்டால் விசில் ஊதக் கூடாது, ஏனென்றால் விசில் என்றால் எங்களுக்குப் பவுல் என்றுதான் காதில் விழும், ஒருவனும் ஓடமாட்டான். அதற்குக் கல்லூரி மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டை விடாமல் அடிப்பது என்று முடிவு. வெள்ளை ரீசேட் கிடையாது. சைக்கிள்களை ஒரே இடத்தில் வரிசையாக நிறுத்தக் கூடாது, வேலியோரம் மரங்களுக்குக் கீழே பிரித்துப் பிரித்து. பார்க்க வருகிறவர்களும் ஒரே கும்பலாக நிற்கக் கூடாது. மேலேயிருந்து பார்த்தால் நாங்கள் ஒரு கூட்டம் என்று தெரியக் கூடாது என்பதுதான் கணக்கு. பயிற்சியின் முதல் வேலையாக ஒரு தடவை மணியடித்து எல்லோரும் குழிக்குள் இறங்கி ஏறுவோம். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, யார் முதலில் என்று போட்டி போடுவார்கள். இன்றைக்கு எந்த ஊரிலும் மின்னல், தீ என்று ஒரு ஆபத்து இருக்கத்தான் செய்கிறது. பயிற்றுநர்கள் அதற்கு ஒரு தனிச் சத்தம் வைத்திருக்கிறார்களா என்று நான் பார்ப்பதுண்டு, பெரும்பாலும் இல்லை.

தாய்மாரைச் சமாளிப்பது அடுத்தது. சேர் கடிதம் அனுப்பவில்லை, சைக்கிளில் வீடு வீடாகப் போனார். எங்கள் வீட்டுப் படலையில் நின்று அம்மா கேட்டது நினைவிருக்கிறது.

“சேர், பொழுது படுறதுக்கு முதல் இவன் வீட்டை வந்து சேருவானோ?”

“ஆறு மணிக்கு நானே அனுப்பிப்போடுவன் அம்மா. ஆறேகாலுக்கும் வரேல்லையெண்டா நீங்கள் என்ரை வீட்டை வந்து என்னைப் பிடியுங்கோ.”

அவர் சொன்ன ஆறு மணி ஆறு மணியாகவே இருந்தது. ஒரு கோல் அடிக்க இருக்கிற நேரத்தில்கூட விசிலை ஊதி நிறுத்துவார். அந்த ஒழுங்குதான் தாய்மாரிடம் எங்களுக்கு அடுத்த நாளை வாங்கித் தந்தது. யாராவது பிந்தினால் அவன் வீட்டுக்கு மிக அருகில் உள்ளவன் போய்ச் சொல்லிவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போக வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. தொலைபேசி இல்லாத ஊர்.

அணியில் யார் எத்தனை நாள் இருப்பான் என்று யாருக்கும் தெரியாது. சிலர் கிளாலிக் கடலால் கொழும்புக்குப் போய்விட்டார்கள், அங்கிருந்து கனடா, பிரான்ஸ். சிலர் புலிகள் இயக்கத்துக்குப் போனார்கள். எங்கள் லெவ்ற் அவுட் (இடப்பக்க முன்வரிசை ஆட்டக்காரன்) ஒரு செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு வந்தான், வழமைபோலச் சிரித்துக் கதைத்தான், வியாழக்கிழமை வரவில்லை. அவன் தாய் மைதானத்து வாசலுக்கு வந்து நின்றார். சேர் பயிற்சியை நிறுத்திவிட்டு அவரோடு போனார். அதைப் பற்றி நான் இதற்கு மேல் எழுதப் போவதில்லை.

இந்த நிலையில் “நீ சென்ரர் போர்வேட், நீ கப்டன்” என்று ஒரே ஆளை நம்பி அணி கட்ட முடியாது. ஒவ்வொருவனுக்கும் இரண்டு இடம் பழக்கினார். ஒன்று அவனுக்குப் பிடித்தது, மற்றது அணிக்குத் தேவையானது. நான் றைற் ஹாவ், இரண்டாவது கோலி. பயிற்சியின் கடைசிப் பதினைந்து நிமிடம் எல்லோரும் இரண்டாவது இடத்தில் நிற்க வேண்டும். கப்டன் பதவிக்கு ஒரு பட்டியல் இருந்தது. முதலாவது ஆள் வராவிட்டால் இரண்டாவது, அவனும் இல்லாவிட்டால் மூன்றாவது. அந்தப் பட்டியல் எல்லோருக்கும் தெரியும், அதனால் ஒருவன் போன அன்று யார் அடுத்தவன் என்ற பேச்சே எழவில்லை. இடம் காலியான துக்கம் இருந்தது, குழப்பம் இருக்கவில்லை. சிறிய ஊர் அணிகள் பலவற்றை நான் பிற்காலத்தில் பார்த்திருக்கிறேன். ஒரு நல்ல பெடியன் வெளிநாடு போனவுடன் அணி படுத்துவிடும். அதற்கு அந்தப் பெடியன் காரணமில்லை.

குடாநாட்டின் வடகிழக்கே உள்ள வடமராட்சியிலிருந்து ஒரு அணி எங்கள் மைதானத்துக்கு வந்த ஆட்டம் யூன் மாதத்தில். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று உச்சத்தில் இருந்தது. எங்கள் மைதானத்தில் அது ஒரு கோலிலிருந்து மறு கோலுக்கு நேராக அடிக்கும். கோலி காற்றுக்கு எதிரே தூக்கி அடித்தால் பந்து நடுக்கோட்டைத் தாண்டாமல் வானத்தில் நின்று திரும்பி வரும். நாணயம் சுண்டியதில் எங்கள் கப்டன் வென்று, காற்றுக்கு எதிரான பக்கத்தை எடுத்தான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். பொழுது சாயச் சாயக் காற்று குறையும், இரண்டாம் பாதியில் அவ்வளவு உதவாது என்று அவர்களுக்குத் தோன்றியது. எங்கள் கணக்கு வேறு. துணிப்பந்தில் பழகிய கால்கள் தரையோடு ஆடும், தரையில் காற்று அவ்வளவு பிடிக்காது. வந்தவர்களோ காற்று தங்களுக்கு இருக்கிறது என்று தூக்கித் தூக்கி அடித்தார்கள், பந்து கோல் கோட்டையும் தாண்டி வேலிக்கு அப்பால் தோட்டத்து வெங்காயப் பாத்திக்குள் விழுந்தது. ஒவ்வொரு முறையும் எங்கள் சின்னப் பெடியன் ஒருவன் ஓடிப்போய், தோட்டக்காரரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு எடுத்துவருவான். இடைவேளைக்கு முன் எங்களுக்கு ஒரு கோல். இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் அவர்களுக்கு ஒன்று, வேறென்ன, கோர்னர், தலை.

அதற்குப் பிறகு தண்டவாளம் அடித்தது. இரண்டு பொம்பர்கள் (குண்டுவீச்சு விமானங்கள்), எங்கோ தெற்கே சுற்றுகிற சத்தம். இரண்டு அணியும் பாதிப் பாதியாகக் கலந்து இரண்டு குழிக்குள்ளும் இறங்கினோம். முழங்காலோடு முழங்கால் கோத்து, வியர்வை நாற்றத்தில் நெருங்கி இருக்கிறோம். மத்தியஸ்தராக நின்றவர் வந்த கல்லூரியின் மாஸ்டர். அவர்தான் கடைசியாக இறங்கினார், மார்போடு பந்தை அணைத்துக்கொண்டு. அவர்களுடைய கோலி சொன்னான்: “மாஸ்டர், எங்களை எண்ணிப் பாக்க முதல் பந்தை எண்ணிப்போட்டார்.” குழி முழுக்கச் சிரிப்பு. மாஸ்டரும் சிரித்தார், பந்தை விடவில்லை. இந்தப் பருவத்தில் எது மறந்தாலும் அது எனக்கு மறக்கவில்லை.

சத்தம் போய்க் கனநேரம் கழித்து ஏறினோம். மாஸ்டர் கைக்கடிகாரத்தை நிறுத்தி வைத்திருந்தார். ஆட்டம் தொடர்ந்தது, ஆனால் முடியவில்லை. அவர்கள் இருட்டுக்கு முன் சைக்கிளில் நீண்ட தூரம் திரும்ப வேண்டும். ஒன்றுக்கொன்று என்று கைகுலுக்கிவிட்டார்கள். சண்டை வராததற்குக் காரணம், பந்து வைப்பதற்கு முன்னமே இரண்டு பொறுப்பாசிரியர்களும் ஒரு கொப்பியில் எழுதிக் கையெழுத்து வைத்திருந்தார்கள்: மூன்றில் இரண்டு பங்கு நேரம் ஆடியிருந்தால் இருக்கிற கோல் கணக்கே முடிவு, அதற்குக் குறைவென்றால் ஆட்டம் நடக்கவில்லை. ஆட்டம் தொடங்க முதல் இப்படி எழுதுவதற்கு இரண்டு நிமிடம் போதும். முடிந்த பிறகு பேசப் போனால் இரண்டு ஊர்ச் சண்டை.

அதைவிடப் பெறுமதியானது இன்னொரு விதி. நிலைமை சரியில்லை என்று இரண்டு பொறுப்பாசிரியர்களில் யார் சொன்னாலும், அல்லது எந்தப் பெற்றோர் வந்து சொன்னாலும் ஆட்டம் இல்லை. காரணம் கேட்கக் கூடாது, பயந்தவன் என்று சொல்லக் கூடாது. வேறொரு போட்டியை ஒழுங்கு செய்தவர்கள், பெயர் வேண்டாம், வராத அணி தோற்றதாகக் கணக்கு என்று அறிவித்திருந்தார்கள். எங்கள் சேர் போகவில்லை. புள்ளி போனது. பெடியள் கோபப்பட்டோம், இப்போது நினைத்தால் அந்த ஒழுங்கமைப்பாளர்கள் மேல்தான் கோபம் வருகிறது. ஆபத்து இருக்கிற இடத்தில் வராததற்குத் தண்டனை வைப்பவர் போட்டி நடத்தவே தகுதியில்லாதவர்.

சைக்கிள் பயணத்துக்கும் ஒரு முறை இருந்தது. ஒரு சைக்கிளில் இருவர், பாரில் அல்லது கரியரில் ஒருவர். போகும்போது கடைசி மூன்று கிலோமீற்றரில் ஹாவும் விங்கும் மிதிக்கக் கூடாது, அதிகம் ஓட வேண்டியவர்கள் அவர்கள். கோலியும் புல்பக்கும் மிதிப்பார்கள். திரும்பும்போது மாறும். தூர இடமென்றால் முதல் நாளே போய் அந்தக் கல்லூரி வகுப்பறையில் வாங்குகளை இணைத்துப் படுத்துவிடுவோம். அவர்கள் புட்டும் சம்பலும் தருவார்கள், அவர்கள் வந்தால் நாங்கள் தருவோம். இடைவேளைக்குக் குடிக்க உப்புப் போட்ட கிணற்றுத் தண்ணீர், கடிக்கப் பனங்கட்டித் துண்டு. வறுமையில் கண்டுபிடித்ததுதான், ஆனால் இன்றைக்குக் கடையில் விற்கிற நிறம் போட்ட போத்தல்களை விட்டு என் பிள்ளைகளுக்கு இதைத்தான் கொடுக்கிறேன்.

யூலை 9, ஞாயிற்றுக்கிழமை, ‘முன்னோக்கிப் பாய்தல்’ என்ற பெயரில் இராணுவம் குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்தின் மேற்குப் பக்கத்தால் முன்னேறத் தொடங்கியது. சண்டிலிப்பாய், வட்டுக்கோட்டைப் பக்கத்துச் சனம் எல்லாம் ஓடி வந்தது. நவாலி புனித பேதுரு தேவாலயத்தில் தங்கியிருந்தவர்கள் மேல் அன்று பின்னேரம் விமானம் குண்டு போட்டது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். எங்கள் கல்லூரி அகதி முகாமானது. அணி அணியாகவே நின்றது, ஆனால் பந்தோடு இல்லை. தண்ணீர் அள்ளினோம், கிடங்கு வெட்டினோம், பதிவுக் கொப்பியில் பெயர் எழுதினோம். யார் எந்த வேலை என்று சேர் இடம் பிரித்தது மைதானத்தில் பிரிப்பதுபோலவேதான். ஒருவரையொருவர் அறிந்த, சொன்னதைக் கேட்கிற இருபது பெடியள் ஒரு முகாமுக்கு எவ்வளவு பயன் என்பதை அப்போதுதான் கண்டேன்.

இராணுவம் பின்வாங்கிக் கொஞ்சம் அமைதி வந்ததும், முகாமில் இருந்த சின்னப் பிள்ளைகள்தான் முதலில் துணிப்பந்தைக் கண்டுபிடித்து உதைக்கத் தொடங்கினார்கள். மைதானத்தின் ஒரு பாதியில் அடுப்புகள். மற்றப் பாதியில் ஏழு பேர் ஆட்டம், செருப்புக் குவியல் கோல் கம்பம். முழு மைதானம் கிடைத்த காலத்தைவிட அந்த ஓகஸ்ட் மாதம்தான் கால் வேலை கூடக் கற்றேன் என்று நினைக்கிறேன், இடம் சுருங்கினால் யோசிக்கிற நேரமும் சுருங்கும். அந்த மாதம் முகாமில் இருந்த ஒரு பெடியனை அணியில் சேர்த்தோம். வேறு கல்லூரிப் பெடியன், எந்தப் போட்டியிலும் எங்களுக்கு விளையாடச் சட்டமில்லை. அதனால் என்ன, பயிற்சிக்குச் சட்டமில்லையே.

செப்ரெம்பர் 22 அன்று வடமராட்சி கிழக்கில் உள்ள நாகர்கோவில் மகா வித்தியாலயத்தின் மேல் விமானக் குண்டு விழுந்தது. பள்ளிப் பிள்ளைகள் இறந்தார்கள். சேர் மறுநாள் வந்து பயிற்சி இல்லை என்றார். எத்தனை நாளைக்கு என்று ஒருவனும் கேட்கவில்லை. ஒக்ரோபர் 17 அன்று யாழ்ப்பாணத்தைப் பிடிக்க இராணுவத்தின் ‘ரிவிரெச’ நடவடிக்கை தொடங்கியது. 30 ஆம் திகதி பின்னேரம் புலிகள் ஒலிபெருக்கியில் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். மழை. வலிகாமம் முழுக்க ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தால் கிழக்கே தென்மராட்சிக்கு நகர்ந்தது, லட்சக்கணக்கான சனம் ஒரு ஒடுங்கிய பாதையில். அந்தப் பருவத்தில் ஆட வேண்டியிருந்த மிச்ச ஆட்டங்கள் ஆடப்படவில்லை. அட்டவணையில் எங்கள் இடம் எத்தனையாவது என்று இன்றைக்கு யாராவது கேட்டால் சிரிப்புத்தான் வரும்.

புல்பக் பந்தின் காற்றை முழுக்க இறக்கி, மடித்து உடுப்புப் பையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறான். கொடிகாமத்தில் ஒரு தென்னங்காணியில் அகதிப் பிள்ளைகள் அதை உதைத்ததாகக் கேள்வி. 1996 ஏப்ரலில் சனம் வலிகாமத்துக்குத் திரும்பியபோது அணியில் பாதிப் பேர் திரும்பவில்லை. சிலர் வன்னிக்குப் போனார்கள், சிலர் கடல் தாண்டினார்கள், சிலர் இல்லை.

இந்த அனுபவத்தில் எனக்கு இன்னும் குறையாகத் தெரிவது ஒன்றுதான். பந்துக்கும் குழிக்கும் சைக்கிளுக்கும் விதி வைத்த அணி, பிரிந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு ஒன்றும் வைக்கவில்லை. யாரிடமும் ஒழுங்கான முகவரி இல்லை. பட்டப்பெயர் தெரியும், சொந்தப் பெயர் முழுதாகத் தெரியாது. கனடாவில் ஒரு கலியாண மண்டபத்தில் எங்கள் சென்ரர் ஹாவைச் சந்தித்தபோது அவன் கொழும்பில் இருந்து அனுப்பிய கடிதங்கள் தவறான குறிச்சிக்குப் போனதாகச் சொன்னான். அவன் எழுதியது எனக்குத்தான்.

அதனால் அந்தத் தம்பிக்குக் கடைசியாக எழுதியது இது. பள்ளிக்கூடங்களுக்குள் சைக்கிள் தூரத்தில் உள்ள நான்கைப் பிடி. ஏழு பேர் ஆட்டமாக்கு. துணிப்பந்து தைக்க ஆள் தேடு. முதல் நாளே ஒரு கொப்பி எடுத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் விடு: முழுப் பெயர், தாயின் பெயர், தாயின் சொந்த ஊர், ஊரில் எப்போதும் இருக்கக்கூடிய ஒரு உறவினரின் முகவரி. அதற்கு அவர் வட்ஸ்அப் குழு இருக்கிறது அண்ணை என்று பதில் போட்டார். நம்பர் மாறும் தம்பி, தாயின் ஊர் மாறாது, எழுது என்றேன். எழுதியிருக்கிறார். நான்கு பள்ளிக்கூடங்களில் மூன்று சரி என்றன. நான்காவது பள்ளிக்கூடத்து அதிபர் ஏழு பேர் ஆட்டம் உதைபந்தாட்டமே இல்லை என்று நிற்கிறாராம். அவரிடம் நான் பேச வேண்டுமாம்.